பர்பணியில் மட்டும் ஏன் கால் டேங்க்?

1. சாவியை வைத்துவிட்டுப் போ

பூனா பக்கம் போசரியில் இருக்கும் எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ஒரு திங்கட்கிழமை காலை, டிரைவர் சின்னராசு தன் வண்டிச் சாவியை முதலாளி மேஜைமேல் வைத்தார். அவராக வைக்கவில்லை. வைக்கச் சொன்னார்கள்.

அந்த ஆபீஸில் டீசல் கணக்கு என் பொறுப்பு. எந்த வண்டிக்கு எத்தனை லிட்டர், எந்த பம்பில் போட்டது, எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று பார்ப்பது வேலை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் கோர்படி காலனியில் வளர்ந்தவள் நான். பி.காம். முடித்ததும் இங்கே சேர்ந்து, தலை நரைக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டேன். ஆபீஸில் எல்லோரும் என்னை ‘கோமதி தாயி’ என்பார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா.

முதலாளியை நாங்கள் சாஹேப் என்றுதான் கூப்பிடுவோம். ஒற்றை டெம்போவில் ஆரம்பித்து முப்பது லாரி வரை வந்தவர். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், குரலைத் தாழ்த்துவார். அன்றைக்குக் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“ஒன்பது டிரிப். ஒன்பது தடவையும் பர்பணியிலதான் டீசல் போட்டிருக்கே. அதுவும் நம்ம ரூட்டிலேயே விலை அதிகமான ஊர்ல. ஏன்?”

சின்னராசு சங்ககிரிக்காரர். இருபது வருஷமாக பூனாவில் லாரி ஓட்டுகிறார். இந்தி நன்றாகப் பேசுவார். ஆனால் மனசு கலங்கினால் இந்தி போய்விடும். என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“திரும்பி வரோணுமுங்களே மேடம். போடாம எப்பிடி வர்றதுங்க?”

நான் அதை இந்தியில் சொன்னேன். சாஹேபுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அனிகேத் தலையை ஆட்டினான். அனிகேத் எங்களுடைய புது ஆபரேஷன்ஸ் மேனேஜர். வந்து நான்கு மாதம். எல்லா டீசல் பில்லையும் ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றியவன் அவன்தான். வழக்கத்துக்கு மாறான பில்லாக இருந்தால் சாஃப்ட்வேர் அதைச் சிவப்பில் காட்டும். சின்னராசுவின் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

“அதுவும் ஃபுல் டேங்க் இல்லை சார். ஒவ்வொரு தடவையும் கால் டேங்க். இது நார்மல் இல்லை. பம்ப்காரரோட ஏதோ செட்டிங் இருக்கு” என்றான்.

செட்டிங் என்றால் கமிஷன். லாரித் தொழிலில் ஒரு டிரைவர்மேல் அந்த வார்த்தை விழுந்தால் அடுத்த கம்பெனியும் அவரைச் சேர்க்காது. “சாவியை வெச்சுட்டுப் போ” என்றார் சாஹேப். சின்னராசு சாவியை மேஜைமேல் வைத்தார், முகத்தைத் துண்டால் துடைத்தார், வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். கொஞ்ச நேரத்தில் மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் போய் நின்றார்கள்.

2. விலைப் பலகைக்குள் என்ன இருக்கிறது

 எனக்கு ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும். அதை முதலில் சொன்னேன்.

“சாஹேப், பர்பணியில விலை கூட இருக்கிறது சின்னராசு செஞ்ச தப்பு இல்லை. ஆயில் கம்பெனி வெப்சைட்டிலேயே போட்டிருக்கு, பாருங்க.”

அனிகேத் அங்கேயே பார்த்தான். பில்லில் இருந்த ரேட்டும் வெப்சைட் ரேட்டும் ஒன்றுதான்.

“ஒரே மாநிலம், ஒரே வரி. அப்புறம் ஏன் பூனாவுக்கு ஒரு விலை, பர்பணிக்கு ஒரு விலை?” என்று உண்மையாகவே புரியாமல் கேட்டான். பாவம், அவன் மும்பையில் படித்து மும்பையிலேயே வேலை பார்த்தவன்.

இளையவர்கள் இதை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பம்பில் தெரியும் ஒரு லிட்டர் விலைக்குள் பல அடுக்கு உண்டு. ஆயில் கம்பெனி தன் எண்ணெய்க்கு வைக்கும் விலை அடியில் இருக்கிறது. அதன்மேல் மத்திய அரசின் எக்சைஸ் வரி. இது லிட்டருக்கு இவ்வளவு என்று நாடு முழுக்க ஒரே அளவு. அடுத்தது டிப்போவிலிருந்து பம்புக்கு டேங்கரில் கொண்டுவரும் லாரி வாடகை. பம்ப் டீலரின் கமிஷன் ஒன்று. இதற்கெல்லாம் மேலே மாநில அரசின் வாட் வரி. டயர் வாங்கினால் காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் ஒரே ஜிஎஸ்டி. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வரி போடலாம். எங்கள் மாநிலத்திலேயே மும்பைப் பக்கத்துக்கு ஒரு வரி, மற்ற இடங்களுக்கு ஒரு வரி என்று பல வருஷம் இருந்தது. பிறகுதான் சமமாக்கினார்கள்.

வரி சமமானாலும் லாரி வாடகை சமமாகாது. மும்பை ரிஃபைனரியிலிருந்து பூனா பக்கம் பைப்லைனிலேயே எண்ணெய் வந்துவிடுகிறது. பர்பணிக்கு அந்த வசதி கிடையாது. டிப்போவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் டேங்கர் ஓட வேண்டும். அந்த வாடகைமேலும் வாட் ஏறும். அதுதான் பர்பணி விலை.

சாஹேப் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை மடக்கினார்.

“சரி தாயி, விலை கூடங்கிறது நிஜம்தான். அப்போ கூடன்னு தெரிஞ்சும் ஒரு ஆள் ஒன்பது தடவை அங்கேயே ஏன் போடறான்?”



“நாளைக்கு பர்பணி லோடு இருக்கு. நானே அந்த வண்டியில போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

சாஹேப் சிரித்தார். “லாரியிலயா? நீயா?”

“நானும் அனிகேத்தும். ஓட்டறது சின்னராசு.”

3. கேபினில் மூன்று பேர்

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பத்து டயர் வண்டி. லோடு, விவசாயக் கிணற்றுக்கான மோட்டார் பம்ப்செட். முப்பது வருஷம் லாரிகளுக்கு டீசல் கணக்குப் பார்த்தவள், லாரி கேபினில் ஏறியது அன்றுதான். ஏறும்போது புடவை படியில் மாட்டிக்கொண்டது. சின்னராசு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கை மட்டும் கொடுத்தார்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. திருடன் என்று சொன்னவனும் சொல்லப்பட்டவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தால் என்ன பேசுவது? ரஞ்சன்காவ் தாண்டி ஒரு டாபாவில் அவல் போஹாவும் டீயும் சாப்பிட்டோம். சின்னராசு தனியாகப் போய் நின்று குடித்தார். அனிகேத் தன் டீயை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றான். 

‘நகர்’ என்ற ஊரைத் தாண்டியதும் நான் ஒரு வேலை ஆரம்பித்தேன். வழியில் வரும் ஒவ்வொரு பம்பிலும் விலைப் பலகையைப் படித்து எழுதினேன். கிழக்கே போகப் போகக் காசுக் கணக்கில் விலை ஏறியது. பீட் பக்கம் கரிசல் காடு வந்தபோது முழு ரூபாயே ஏறிவிட்டது. நான் வேகமாக எழுத முடியாமல் தடுமாறினேன். சின்னராசு அதைக் கவனித்துவிட்டு முன்னால் இருந்த பெட்டியைக் காட்டினார்.

“எழுத வேண்டாமுங்க மேடம். அந்த டைரியில இருக்குது பாருங்க.”

எடுத்தேன். சாமி படம் போட்ட பாக்கெட் டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ரூட். ஊர்ப் பெயர், பம்ப் அடையாளம், விலை, தேதி. எல்லாம் தமிழில், குண்டு குண்டான எழுத்தில். ‘பீட் பைபாஸ், வலப்பக்கம் ஆலமரம் பம்பு’, ‘நகர் தாண்டி டோலுக்கு முன்னாடி’, ‘பர்பணி ரொம்ப ஜாஸ்தி, கால் டேங்க் போதும்’.

கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“கால் டேங்க் போதும்னா என்ன சின்னராசு?”

“பர்பணியில ஃபுல் பண்ணுனா நட்டமுங்களே மேடம். கால் டேங்க் போட்டா நகர் வரைக்கும் வந்துரலாமுங்க. அங்க வெல கம்மி. அங்க வந்து மீதியப் போட்டுக்குவனுங்க.”

அனிகேத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.  அவன் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, “டைரியை ஒவ்வொரு வரியாப் படிங்க தாயி” என்றான். வண்டி குலுங்கக் குலுங்க நான் படித்தேன், அவன் அடித்தான். ஒன்பது டிரிப் பில்லும் டைரியும் அப்படியே பொருந்தின. ஒன்பது தடவையும் பர்பணியில் போட்டது, நகர் வந்து சேரத் தேவையான அளவு மட்டும்தான். அதற்குமேல் ஒரு லிட்டர்கூட இல்லை.

4. நான் டைப் அடித்த விதி

மாலை நான்கு மணிக்கு பர்பணி போய்ச் சேர்ந்தோம். லோடு இறக்கும் நேரத்தில் அனிகேத்தும் நானும் அந்த பம்புக்கு நடந்தே போனோம். அப்போதுதான் ஒரு டேங்கர் வந்து எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அதன் டிரைவரைக் கேட்டேன்.

“மன்மாட் டிப்போ” என்றார். “காலையிலே கிளம்பினேன், இப்போதான் வந்தேன். இடுப்பு போச்சு.”

அனிகேத் அந்த டேங்கரை மேலும் கீழும் பார்த்தான். “பலகையில இருக்கிற எக்ஸ்ட்ரா காசு இதோ நிக்குது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பம்ப் டீலருக்கு அறுபது வயது இருக்கும். சின்னராசு பெயரைச் சொன்னதும் அலுத்துக்கொண்டார்.

“அந்த மதராஸியா? ஃபுல் பண்ணு, ஃபுல் பண்ணுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! டீ வாங்கிக் கொடுத்துக்கூடக் கேட்டுப் பார்த்தேன். டீயைக் குடிச்சுட்டு, கால் டேங்க் போட்டுட்டுப் போயிடுவான். உங்க கம்பெனிக்கு அவ்வளவு கஞ்சத்தனமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அனிகேத் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்துவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பூனாவிலேயே ஃபுல் டேங்க் போட்டால் போகவும் வரவும் போதுமே. பர்பணியில் கால் டேங்க்கூட எதற்கு? லோடு இறக்கும் இடத்துக்குத் திரும்பி வந்து சின்னராசுவிடமே கேட்டேன். அவர் தயங்கினார்.

“சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க மேடம். போசரியில பாதி டேங்குக்கு மேல போடக் கூடாது, போற வழியிலயும் போடக் கூடாதுன்னு ஆபீஸ் ரூலுங்களே. நீங்கதானுங்களே பேப்பர்ல அடிச்சு ஒட்டுனீங்க?”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உண்மைதான். பல வருஷத்துக்கு முன்னால், ஃபுல் டேங்கோடு அனுப்பினால் டிரைவர்கள் வழியில் இறக்கி விற்றுவிடுவார்கள் என்று சாஹேபுக்கு ஒரு பயம். அதனால் போகும்போது பாதி டேங்குக்கு மேல் டீசல் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. டைப் அடித்துச் சுவரில் ஒட்டியவள் நான். அப்போதெல்லாம் போசரி, சாகன், ரஞ்சன்காவ் என்று பக்கத்து ஓட்டம்தான் இருந்தது, அதனால் விதி யாருக்கும் உறைக்கவில்லை. வெளியூர் ரூட் வந்த பிறகும் அதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர்மேல் வைத்த சந்தேகம் எங்களை விலை கூடின ஊரில் டீசல் வாங்க வைத்திருக்கிறது. சின்னராசு தன்னால் முடிந்த அளவு அந்த நஷ்டத்தைக் குறைத்திருக்கிறார். நாங்கள் அதற்காக அவருடைய சாவியை வாங்கியிருக்கிறோம்.

அங்கேயே, லாரி நிழலில் நின்றபடி அனிகேத் சாஹேபுக்கு ஃபோன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், தப்பு என்னோடது. நான் எல்லா ஊர் விலையையும் பூனா விலையோட ஒப்பிட்டு சாஃப்ட்வேரை செட் பண்ணிட்டேன். இவர் நமக்கு மிச்சம் பிடிச்சுக் கொடுத்திருக்கார். என் சாஃப்ட்வேரைவிட இவர் டைரி சரியா இருக்கு.”

“அந்தப் பாதி டேங்க் விதி என் தப்பு சாஹேப்” என்று நானும் சொன்னேன்.

 பிறகு சாஹேப், “சின்னராசு பக்கத்துல இருக்கானா?” என்றார். “இருக்கேன் சாஹேப்” என்றார் இவர்.

“விதி போட்டது நான். அவங்க ரெண்டு பேரும் இல்லை. வண்டியை எடுத்துட்டு வா. இனிமே எங்க, எவ்வளவு போடணும்னு நீயே முடிவு பண்ணு.”

சின்னராசு வண்டியைச் சுற்றிப் போய் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். தட்ட வேண்டிய தேவையே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு சாக்கு.

5. டீசல் டீசல்தானே?

இரண்டு மாதம் கழித்து ரஞ்சன்காவில் ஒரு பெரிய தொழிற்சாலை, தன் ஒரு வருஷ லோடு முழுவதற்கும் கொட்டேஷன் கேட்டது. இரண்டு ரூட். ஒன்று மராத்வாடா பக்கம் பர்பணி, நாந்தேட். இன்னொன்று கோலாப்பூர் தாண்டி பெல்காம், ஹுப்ளி. எங்களைவிடப் பெரிய கம்பெனிகள் நாலைந்து போட்டியில் இருந்தன.

எல்லோரும் பூனா டீசல் விலையை வைத்து இரண்டு ரூட்டுக்கும் ஒரே மாதிரி ரேட் கொடுத்தார்கள். நாங்கள் மட்டும் தனித்தனி ரேட் கொடுத்தோம். மராத்வாடாவுக்குக் கொஞ்சம் அதிகம், கர்நாடகாவுக்கு நன்றாகவே குறைவு. சின்னராசுவும் அனிகேத்தும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து போட்டது. மொத்தத்தில் எங்கள் ரேட்தான் குறைவாக வந்தது. ஆனால் குறைவாக இருந்தாலே சந்தேகப்படுகிற இடம் அது.

மீட்டிங்குக்கு சாஹேப், அனிகேத், நான் மூவரும் போவதாக இருந்தது. “சின்னராசுவும் வரணும்” என்றேன். சாஹேப் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை. சின்னராசு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். ஏ.சி. ரூமில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

பர்ச்சேஸ் ஹெட் ஒரு கறாரான மராத்திப் பெண்மணி. எங்கள் பேப்பரைப் பேனாவால் தட்டினார்.

“டீசல் டீசல்தானே? எதுக்கு ரெண்டு ரேட்? எங்களைக் குழப்பறீங்களா?”

அனிகேத் வாயைத் திறப்பதற்குள் சின்னராசு பேசிவிட்டார். இந்தியில், நிதானமாக.

“மேடம், நீங்க காகல் பக்கம் போயிருக்கீங்களா? கோலாப்பூர் தாண்டி, பார்டர். அதுக்கு இந்தப் பக்கம் நம்ம பம்ப் காலியா இருக்கும். கொஞ்ச தூரம் தள்ளி கர்நாடகா பம்புல லாரி வரிசையா நிக்கும். டீசல் ஒண்ணுதான், கம்பெனியும் ஒண்ணுதான். அங்க மாநில வரி கம்மி. நான் அங்கேதான் ஃபுல் பண்ணுவேன், ஹுப்ளி போய்ட்டு வரப் போதும். பர்பணி பக்கம் அப்படி முடியாது. அங்க டேங்கர் தூரத்துல இருந்து வருது, விலை கூட. அதனால பூனாவுலயே ஃபுல் பண்ணிட்டுப் போவேன். வழியில வாங்க மாட்டேன். ஆனா மழை, ரிப்பேர், டைவர்ஷன்னு சில நாள் வாங்க வேண்டி வரும். அதுக்குத்தான் கொஞ்சம் அதிகம் போட்டிருக்கு.”

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். “நாளைக்கே கர்நாடகா வரியை ஏத்திட்டா?”

அதுதான் எங்களுக்கு வைத்த பரீட்சை. நான் சொன்னேன்: “எங்க ரேட்டை பூனா விலையோட மட்டும் கட்டலை மேடம். எந்த ரூட்டோ அந்த ரூட்டுல நாங்க டீசல் போடற ஊரோட விலையோட கட்டியிருக்கு. அங்க ஏறினா ஏறும்.”

“இறங்கினா?”

 எங்கள் தொழிலில் டீசல் ஏறினால் அன்றே ரேட் ஏற்றுவார்கள். இறங்கினால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதைப் பற்றி சாஹேபிடம் நான் முன்னால் கேட்டிருக்கவில்லை. அவர் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டேன்.

“இறங்கினா அன்னிக்கே இறங்கும்.”

சாஹேப் தொண்டையைச் செருமினார்.  பிறகு அவர் மெல்லிய குரலில், “தாயி சொன்னா சொன்னதுதான்” என்றார்.

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். “பத்து வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதை ஒரு டிரான்ஸ்போர்ட்டர் வாயால இன்னைக்குத்தான் கேட்கிறேன்.” பிறகு சின்னராசுவைப் பார்த்து, “உங்க வண்டி எத்தனை?” என்றார்.

“நான் டிரைவர் மேடம்.”

“அப்படியா? நான் பார்ட்னர்னு நினைச்சேன்.”

இரண்டு ரூட்டும் எங்களுக்கே கிடைத்தது. வெளியே வந்ததும் சாஹேப், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, சத்தம் போட்டார். பார்க்கிங்கில் நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒரு ஆனந்தக் கூச்சல். அனிகேத் சின்னராசுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இஸ்திரி போட்ட சட்டை கசங்கிப் போனதுதான் சின்னராசுவுக்குக் கவலை.

இன்று அந்த இரண்டு ரூட்டுக்கும் சின்னராசுதான் சூப்பர்வைசர். காலை ஆறு மணிக்குப் புது விலை வந்ததும் ஒவ்வொரு டிரைவரும் தான் நிற்கும் ஊரின் விலைப் பலகையை ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார். சாஃப்ட்வேர் அந்தந்த ஊர் விலையோடுதான் ஒப்பிடுகிறது. சிவப்பு இன்னும் வரத்தான் செய்கிறது. சிவப்பு வந்தால் அனிகேத் முதலில் அந்த டிரைவருக்கு ஃபோன் போட்டு, “அண்ணா, அங்கே என்ன நிலவரம்?” என்று கேட்கிறான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கும் எண்ணை யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரில் வெயிலில் நின்று வாங்கியிருக்கிறார். அந்த எண் தப்பாகத் தெரிந்தால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்த ஊருக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். லாரியில் போனால் இன்னும் நல்லது.